மேஸ்திரி கையில் கரண்டி இருக்கட்டும்: ஐடி நிறுவன எச்ஆர் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எச்ஆர் தலைவர்களுக்கு,

வணக்கம்.

பழைய மகாபலிபுரம் சாலையில் 19 ஆண்டுகளாக வேலைக்குப் போய் வருகிறவன் நான். தரமணியில் தொடங்கினேன். சோழிங்கநல்லூர், நாவலூர் என்று கம்பெனி மாற மாறத் தெற்கே நகர்ந்து இப்போது சிறுசேரிக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். வேலை டேட்டாபேஸ். நடுவில் நான்கு ஆண்டுகள் மட்டும் மேனேஜர். வேலை தெரிந்தவனை மேனேஜர் ஆக்கித்தான் உயர்த்துவது என்ற உங்கள் வழக்கத்தைப் பற்றியது இந்த மடல். அந்த நான்கு ஆண்டுகளில் ஒரு ராத்திரியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

மாதக் கடைசி. வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனம் ஒன்றுக்கு மொத்தமாக பில் போடும் பேட்ச் வேலை. வழக்கமாக 40 நிமிடத்தில் முடிவது, அன்றைக்கு மூன்று மணி நேரமாக ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்றரை மணிக்கு பிரிட்ஜ் கால் என்ற கூட்டு போனில் 31 பேர். முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "எப்போ முடியும்?" என் பதவிக்கு நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் ஷிஃப்டில் இருந்த பையன் திரையைப் பகிர்ந்ததுமே விஷயம் பிடிபட்டுவிட்டது. பகலில் காலியாக இருந்து இரவில் நிரம்பும் டேபிள் ஒன்று உண்டு. அன்றைக்கு லோடு தாமதம். இரவு 10 மணிக்கு ஆரக்கிள் என்ற டேட்டாபேஸ் மென்பொருள், எந்த டேபிளில் எத்தனை வரி என்று தானாகப் புள்ளிவிவரம் எடுக்கும் வேலை, அந்த டேபிள் காலியாக இருந்த நேரமாகப் பார்த்து ஓடிவிட்டது. 'இதில் ஒரு வரிகூட இல்லை' என்று குறித்துக்கொண்டது. அதன் பிறகு இரண்டு கோடி வரிகள் வந்து இறங்கின. வேலையை எந்த வழியில் முடிப்பது என்று திட்டம் போடும் ஆப்டிமைசர் அந்தக் குறிப்பை நம்பி, பத்து இலைக்குப் பரிமாறுகிற கணக்கில் திட்டம் போட்டுவிட்டு, ஊர்ப் பந்தி முழுக்க நடையாய் நடந்துகொண்டிருந்தது.

மருந்து சின்னதுதான். யாரும் மாற்றி வைக்காவிட்டால் ஆரக்கிள் பழைய புள்ளிவிவரங்களை 31 நாள் வரை பத்திரமாக வைத்திருக்கும். முந்தைய நாள் கணக்கைத் திரும்பப் போட்டு, பேட்சை நிறுத்தி மறுபடி ஓட்டிவிட்டால் போதும். கை பழகியவனுக்கு ஐந்து நிமிடம்.

எனக்கு ஆக்சஸ் இல்லை.

மேனேஜர் ஆன மறுவாரமே ஒரு டிக்கெட் தானாகக் கிளம்பி, வாடிக்கையாளரின் நிஜ சிஸ்டத்தைத் தொடும் என் புரொடக்‌ஷன் அனுமதியை எடுத்துவிட்டிருந்தது. ஆடிட்டுக்காகவாம். ஷிஃப்டில் இருந்தவன் கள்ளக்குறிச்சிப் பையன், இரண்டு வருட அனுபவம். அவனுக்குக் கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். "டிபிஎம்எஸ், அண்டர்ஸ்கோர், ஸ்டாட்ஸ், டாட், ரிஸ்டோர்..." "அண்ணா, ரிஸ்டோருக்கு அப்புறம் அண்டர்ஸ்கோரா, டாட்டா?" அவன் கை நடுங்குவது கர்சரில் தெரிந்தது. ஐந்து நிமிட வேலை 50 நிமிடம் ஆயிற்று. மறுநாள் வாடிக்கையாளரிடமிருந்து பாராட்டு மெயில் வந்தது, என்னுடைய தலைமைப் பண்பைப் புகழ்ந்து. அந்த வருட அப்ரைசலில் அதையே சாதனையாகவும் எழுதிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

என் அப்பா திண்டிவனம் பக்கம் கொத்தனார். பிற்பாடு மேஸ்திரி ஆனார். ஆள் சேர்ப்பது, சனிக்கிழமை கூலி கொடுப்பது, வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்குவது, சிமென்ட் மூட்டைக் கணக்கு என்று நீங்கள் மேனேஜ்மென்ட் என்று சொல்வதெல்லாம் அவருக்கும் இருந்தது. ஆனால் கரண்டியை அவர் கீழே வைத்ததில்லை. மூலை எடுப்பது எப்போதும் அவர்தான். தூக்குக் குண்டை விட்டுப் பார்த்து சுவர் விலகியிருந்தால், "தள்ளுப்பா" என்று சொல்லி இரண்டு வரிசையைப் பிரித்துவிட்டு அவரே கட்டுவார். கொத்தனார்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். அது திட்டாகவும் இருக்கும், பாடமாகவும் இருக்கும். மேஸ்திரி ஆகிவிட்டாய், இனிக் கரண்டியைத் தொடாதே என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் அந்த ஆளுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்.

சரி, நான் ஏன் மேனேஜர் ஆனேன்? யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. 11-ஆவது ஆண்டு அப்ரைசலில், "உன் சம்பள பேண்டில் இதுக்கு மேல இடமில்லை. அடுத்த பேண்டுக்குப் போகணும்னா டீம் வேணும்" என்றார்கள். அப்போதுதான் மேடவாக்கத்தில் வீட்டுக்குக் கடன் வாங்கியிருந்தேன். அதே மாதம் மைத்துனன் கல்யாணத்தில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, "உனக்குக் கீழ எத்தனை பேருப்பா வேலை செய்யறாங்க?" என்று கேட்டார். "ஆள் யாரும் இல்லை பெரியப்பா, நாலு சர்வர் இருக்கு" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி விடு, அடுத்த வருஷம் கிடைக்கும்" என்று ஆறுதல் சொன்னார். இப்படி வீட்டுக் கடனும் பெரியப்பாவும் உங்கள் பேண்டும் ஒரே பக்கம் தள்ளும்போது நான் 'தேர்ந்தெடுத்தேன்'. உங்கள் கோப்பில் அது என் 'விருப்பம்' என்று பதிவாகியிருக்கும்.

எங்களிடம் இரண்டு ஏணிகள் இருக்கின்றனவே என்று நீங்கள் சொல்வீர்கள். இருக்கின்றன, பிபிடியில். ஒவ்வொரு வருடமும் அந்த ஸ்லைடைப் பார்க்கிறேன். இடது பக்கம் நிர்வாக ஏணி, வலது பக்கம் தொழில்நுட்ப ஏணி, இரண்டும் ஒரே உயரம். வலது ஏணியின் உச்சியில் இருக்கும் ஆட்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். அவர்களிலும் பாதிப் பேர் டெண்டருக்கு பிபிடி போடுகிறார்கள்.

நான் அந்த வலது ஏணியில் ஏறிப் பார்த்தவன். ஆர்க்கிடெக்ட் பதவிக்கு மூன்று பேர் கொண்ட பேனல். மூவருமே டெலிவரி மேனேஜர்கள். முதல் கேள்வி: "டீம் சைஸ் என்ன?" இரண்டாவது: "எவ்வளவு ரெவின்யூவுக்குப் பொறுப்பு?" மூன்றாவதாவது வேலையைப் பற்றி வரும் என்று காத்திருந்தேன். "ஆட்களைச் சமாளித்த ஒரு அனுபவம் சொல்லுங்க" என்றார்கள். 45 நிமிடத்தில் டேட்டாபேஸ் என்ற சொல் இரண்டு தடவை வந்தது. இரண்டையும் நான்தான் சொன்னேன். ஆறு வாரம் கழித்து வந்த பதிலில், 'மக்கள் மேலாண்மையில் இன்னும் அனுபவம் தேவை' என்று இருந்தது. மிருதங்கம் வாசிக்கப் போனவனிடம் சபா உறுப்பினர் சந்தா எவ்வளவு வசூலித்தாய் என்று கேட்டது போல.

இரண்டு ஏணி என்பது நேற்று யாரோ கண்டுபிடித்ததில்லை. ஐபிஎம் 1960-களிலேயே 'ஐபிஎம் ஃபெல்லோ' என்று ஒரு தகுதியை ஏற்படுத்தியது. ஆளை மேய்க்காமல், தொழில்நுட்பம் ஒன்றைக் கொண்டே நிறுவனத்தில் மிக உயர்ந்த மதிப்புக்குப் போக அது ஒரு வழி. அதே ஐபிஎம்மில் ஓஎஸ் 360 என்ற பிரம்மாண்டமான மென்பொருளை நடத்தியவர் பிரெட் புரூக்ஸ். அந்த அனுபவத்தை 1975-ல் புத்தகமாக எழுதியபோது இந்த ஏணி விஷயத்தையும் தொட்டார். தொழில்நுட்ப ஏணியிலிருந்து நிர்வாக ஏணியில் அதே படிக்கு மாறுகிறவருக்குச் சம்பளம் ஏற்றவே கூடாது, அதைப் பதவி உயர்வு என்று சொல்லவும் கூடாது, வேலை மாற்றம் என்றே அறிவிக்க வேண்டும் என்றார். நிர்வாகத்திலிருந்து தொழில்நுட்பத்துக்குத் திரும்புகிறவருக்கோ கட்டாயம் சம்பள உயர்வு கொடுக்க வேண்டும் என்றார். ஊர் உலகம் ஏற்கெனவே நிர்வாகத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது, அதைச் சமன் செய்ய மறுபக்கத்தில் வேண்டுமென்றே எடை போட வேண்டும் என்பது அவர் கணக்கு. அவர் என் பெரியப்பாவைச் சந்தித்ததில்லை, ஆனால் பெரியப்பாவைத் தெரிந்திருக்கிறது. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. நாம் இன்னும் இடப்பக்க ஏணிக்குத்தான் மாலை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் பக்கக் காரணமும் எனக்குத் தெரியாமல் இல்லை. மேனேஜராக இருந்தபோது அந்த எக்ஸெல் தாளை நானும் நிரப்பியிருக்கிறேன். வாடிக்கையாளர் மணிக்கு இவ்வளவு என்று ரேட் கார்டு வைத்திருக்கிறார். அதில் 'சீனியர் டெவலப்பர்' என்ற வரிக்கு மேல் பெரும்பாலும் வரியே கிடையாது. ஆறு வருடக்காரரும் பதினாறு வருடக்காரரும் அதே வரியில் வருவார்கள், அதே டாலர் வரும். பதினாறு வருடக்காரரின் சம்பளத்தை அந்த வரியில் வைத்தால் மார்ஜின் கரைகிறது. அவரையே மேனேஜர் ஆக்கி, 25 பேர் தலையில் அவர் செலவைப் பகிர்ந்து போட்டால் தாள் பச்சையாகிவிடுகிறது. கீழே புதியவர்கள் அகலமாக, மேலே வர வரக் குறுகும் பிரமிடு. அனுபவம் ஏறியவர் அதில் நின்ற இடத்திலேயே நிற்க முடியாது. மேலே போக வேண்டும், இல்லையென்றால் வெளியே.

இது எச்ஆர் பண்ணிய தப்பில்லை, வியாபாரம் அப்படி என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ராத்திரி மூன்று மணி நேரம் பில் போகாமல் நின்றதே, அது எந்தத் தாளில் எந்த வரியில் வந்தது? விஷயம் தெரிந்த ஒருவர் இல்லாததால் ஆன செலவுக்கு உங்கள் எக்ஸெல்லில் பத்தி கிடையாது. அவர் சம்பளத்துக்கு மட்டும் இருக்கிறது. ரேட் கார்டை மறுபடி பேசும் நேரத்தில் 'நிபுணர்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி விற்பனைக்காரர்களை நச்சரிக்க உங்களால் முடியும். வாடிக்கையாளர்கள் அதற்குக் கொடுக்க மாட்டார்கள் என்று சொல்லாதீர்கள். இதே சாலையில் அவர்களே சொந்த மையங்களைத் திறந்து, ஒரு ஆளைக்கூட மேய்க்காத பிரின்சிபல் இன்ஜினியர்களுக்கு நல்ல சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அதில் பாதிப் பேர் உங்களிடமிருந்து போனவர்கள்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் நல்ல மேனேஜர் இல்லை.

என் டீமில் ஒரு பெண் இருந்தாள், மூன்றாவது வருடம். டேட்டாபேஸிடம் தகவல் கேட்க அவள் எழுதும் கொயரிகள் சுமாராக இருக்கும். உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? வீட்டுக்குப் போய், குழந்தை தூங்கிய பிறகு, அவள் அனுப்பியதை முழுக்க மாற்றி எழுதி அனுப்பினேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். எனக்கு அது ஒரு நாளில் கிடைத்த ஒரே சந்தோஷமும்கூட. நாலு மாதத்தில் அவள் சந்தேகம் கேட்பதை நிறுத்திவிட்டாள். வேலையை அனுப்பிவிட்டு, "நீங்க எப்படியும் மாத்துவீங்க, அண்ணா" என்று ஒரு வரி போடுவாள். பிறகு பேப்பர் போட்டு வேலையை விட்டுவிட்டாள். என் அப்பா சுவரைப் பிரித்தது எல்லோர் முன்னாலும், பகலில். நான் செய்தது ராத்திரியில், திருட்டுத்தனமாக. எனக்கு வேறு வழியும் வைத்திருக்கவில்லை நீங்கள், ஆனால் அவளுக்கு அது பதிலாகாது.

அப்ரைசல் மதிப்பெண்ணைப் பங்கு பிரிக்கும் பெல் கர்வ் கதை உங்களுக்குத் தெரியும், அதனால் நீட்டவில்லை. எட்டுப் பேரில் ஒருவரையாவது கீழே தள்ளச் சொன்னீர்கள், கைக்குழந்தைக்காக அந்த வருடம் நைட் ஷிஃப்ட் எடுக்காதவரைத் தள்ளினேன்.

மேனேஜர் வேலை லேசு என்றோ தேவையில்லை என்றோ சொல்ல நான் வரவில்லை. கூகுள் 2002-ல் இன்ஜினியர்களுக்கு மேனேஜரே வேண்டாம் என்று எடுத்துப் பார்த்தது. சில மாதம்தான். செலவுக் கணக்கு முதல் ஆளுக்கு ஆள் சண்டை வரை எல்லாவற்றுக்கும் நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜின் அறை வாசலில் ஆட்கள் வந்து நிற்க, பழையபடி கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே கூகுள், நல்ல மேனேஜரிடம் என்னதான் இருக்கிறது என்று தன் ஆட்களை வைத்தே ஆராய்ந்தது. வந்த எட்டுக் குணங்களில் முதலாவது, நன்றாகச் சொல்லிக்கொடுப்பது. தொழில்நுட்பத் திறமை பட்டியலில் இருந்தது, எட்டாவதாக. நீங்களோ அந்த எட்டாவதை வைத்து ஆளெடுத்து, முதலாவது தானாக வந்துவிடும் என்று இருக்கிறீர்கள். 131 நிறுவனங்களின் விற்பனையாளர்களை வைத்து 2019-ல் வெளிவந்த ஒரு பொருளியல் ஆய்வும் இதே இடத்தில்தான் போய் நிற்கிறது. நன்றாக விற்றவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது, அவர் மேனேஜராகப் போன இடத்தில் விற்பனை இறங்கியது. விற்பனையில் அப்படி என்றால், நாள் முழுக்க ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒற்றைத் திரையைப் பார்க்கிற எங்கள் ஜாதியில் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது என்னை உண்மையிலேயே கோபப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஜூலையில் நாட்டின் மிகப் பெரிய ஐடி நிறுவனம் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலைகளில். அன்றிலிருந்து டீக்கடையில் வேறு பேச்சில்லை. அந்த ஒரு நிறுவனத்தைச் சொல்லவில்லை, இந்தச் சாலை முழுக்க 45 வயதுக்காரர்களிடம் சொல்லப்படும் வாக்கியம் ஒன்றுதான்: "நீங்க ஹேண்ட்ஸ் ஆன் இல்லையே." யார் எடுத்தது கையை? 35 வயதில் கீபோர்டை வாங்கி வைத்துக்கொண்டு, "இனி நீ வேலை வாங்கணும், வேலை செய்யக் கூடாது" என்றது யார்? பத்து வருடம் கழித்துக் கை பழகவில்லை என்று சொல்லி வாசலைக் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

இதில் சட்டச் சங்கதி ஒன்றும் இருக்கிறது. எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன், உங்களுக்கு நன்றாகவே தெரியும். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் தொழில்நுட்ப வேலை செய்கிறவரை வைத்தது, முதன்மையாக நிர்வாக வேலை செய்கிறவரை வெளியே நிறுத்தியது. அதன் இடத்தில் கொண்டுவந்த 2020-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அதே கோடுதான். மேனேஜர் என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொடுக்கும்போது, வேலையிழந்தால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகிற வாசலில் பாதியை மூடிவிடுகிறீர்கள். பாதி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2015-ல் நீக்கப்பட்ட ஒரு பொறியாளர் ஏழு ஆண்டு வழக்காடி 2022-ல் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். அவர் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர் என்று நிறுவனம் வாதாடியது. நீதிமன்றம் அவர் செய்த வேலையைப் பார்த்து, தொழிலாளர்தான் என்றது. ஏழு ஆண்டு. யாரால் முடியும்?

நான் திரும்பி வந்த கதை சுருக்கமானது. மறுபடி டேட்டாபேஸ் வேலைக்கே போகிறேன் என்று கேட்டபோது, "ஏதாவது பிரச்சினையா? வீட்டில எல்லாம் சரியா இருக்கா?" என்று உங்களைப் போன்ற ஒருவர் மிகுந்த அக்கறையோடு விசாரித்தார். கவுன்சிலிங் எண் கொடுத்தார். அந்தக் கம்பெனியில் அப்படி ஒரு படிவமே கிடையாது. பேப்பர் போட்டேன். புது இடத்தில் ஒரு படி கீழே சேர்ந்தேன். இன்டர்வியூவில் ஒரு பெண்மணி, நரைத்த முடி, ஒரு எக்ஸ்ப்ளெய்ன் பிளானை, அதாவது ஆப்டிமைசர் போட்ட திட்டத்தை, திரையில் போட்டு, "இதுல என்ன தப்பு?" என்றார். நான்கு ஆண்டு கழித்து யாரோ என்னிடம் தமிழில் பேசியது போல இருந்தது. கையில் துரு ஏறியிருந்தது. பழையபடி வர எட்டு மாதம் பிடித்தது.

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. மேனேஜர் ஆகிறவருக்கு ஆறு மாதம் பார்த்துவிட்டுத் திரும்ப ஒரு வழி வையுங்கள், திரும்பினால் கவுன்சிலிங் எண் கொடுக்காதீர்கள். மேனேஜர் ஆனவருடைய ஆக்சஸை மொத்தமாகப் பிடுங்காதீர்கள். ஆடிட்டர் கேட்டால் அவசர அனுமதி, இரட்டைக் கையெழுத்து என்று வழிகள் இருக்கின்றன, உங்கள் பாதுகாப்புக் குழுவைக் கேளுங்கள். ஆர்க்கிடெக்ட் பேனலில் போன வாரம் கோட் எழுதிய ஒருவராவது உட்காரட்டும். சம்பள பேண்டை டீம் சைஸிலிருந்து அவிழ்த்துவிடுங்கள். இந்தக் கடைசியைச் செய்தாலே மேனேஜர் நாற்காலிக்கான வரிசை பாதியாகிவிடும். மிச்சம் நிற்கிறவர்கள் அந்த வேலையை விரும்பி வந்தவர்களாக இருப்பார்கள். அந்த மூன்றாவது வருடப் பெண்ணுக்கு அப்படி ஒருவர் கிடைத்திருந்தால் அவள் இன்னும் இந்தத் துறையில் இருந்திருப்பாள்.

இதற்கெல்லாம் கமிட்டி, ஒப்புதல், அடுத்த நிதியாண்டு என்று இழுக்கும், தெரியும். அதற்குள் ஒன்றை மட்டுமாவது செய்துவிடுங்கள். அப்ரைசல் படிவத்தில் 'கேரியர் ஆஸ்பிரேஷன்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. கிளிக் செய்தால் மூன்று வரி விழும்: டீம் லீட், புராஜெக்ட் மேனேஜர், டெலிவரி மேனேஜர். நான் வேலை பார்த்த கம்பெனிகளில் எல்லாம் அதே மூன்றுதான். நான்காவதாக ஒரு வரி சேருங்கள். என்ன பெயர் வைப்பது என்று குழம்பினால் 'இதே வேலை, இன்னும் நன்றாக' என்று போடுங்கள், போதும். டூல் வெண்டர் சேஞ்ச் ரிக்வெஸ்ட் கேட்கிறார், மூன்று மாதம் ஆகும் என்றெல்லாம் சொன்னால் என்னைக் கூப்பிடுங்கள். அந்த மூன்று வரியும் பட்டியல் வைக்கும் ஒரு லுக்கப் டேபிளில்தான் இருக்கும். வரியைச் சேர்க்க ஒரு இன்சர்ட், சேமிக்க ஒரு கமிட். ஆக்சஸ் மட்டும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
சிறுசேரியிலிருந்து ஒரு டேட்டாபேஸ்காரன்